இன்னும் இரண்டு எடுத்தால் தள்ளுபடி

1

நெதர்லாந்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இங்கே நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாருக்கும் ஒழுங்காக விளக்கியதில்லை. 'கம்ப்யூட்டர் வேலை' என்றால் போதும், ராமநாதபுரத்தில் அதற்கு மேல் யாரும் குடைவதில்லை. குடைந்த ஒரே ஆள் என் அக்காவின் கணவர் ராஜாராம் அத்தான். ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். எதையும் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, இழுத்துப் பார்த்துத்தான் நம்புவார்.

"ஒருத்தர் செருப்பு வாங்குனா அடுத்து அவருக்குக் குடையக் காட்டலாமா, சாக்ஸக் காட்டலாமான்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணி மெசேஜ் அனுப்பும் அத்தான். அந்த முடிவ ஒவ்வொரு கடைக்கும் ஏத்த மாதிரி திருத்திக் கொடுக்குறதுதான் என் வேல" என்றேன்.

"இம்புட்டுத்தானா மாப்ள? இதத்தான நம்ம கடையில சகாயராணி செஞ்சுக்கிட்டு இருக்கா. இதுக்கு எதுக்கு பிளேன் ஏறிப் போன?"

சகாயராணி தங்கச்சிமடத்துக்காரர். தினமும் காலையில் பாம்பன் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து, சேலைப் பகுதியில் நிற்பார். பதினெட்டு வருடமாக அத்தான் கடையில் சேலையை விரிப்பதும் மடிப்பதும் அவர்தான். அத்தான் சொன்னதை அன்று நான் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் லீவில் போனபோது, பெருமைக்கு அத்தான் கடையிலும் அந்த மென்பொருளின் சின்ன வடிவம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். பில் போடும்போது வாடிக்கையாளரின் போன் நம்பரை வாங்க வேண்டும். யார் என்ன எடுத்தார் என்பதை அது நினைவில் வைத்துக்கொண்டு, சில நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்பும். வரிகளை எழுதியது நான். எத்தனை நாள் கழித்து அனுப்புவது, எந்தத் துணிக்குப் பின் எந்தத் துணியைக் காட்டுவது எல்லாமே நான் வைத்த விதிகள்தான்.

நம்பர் இல்லாவிட்டால் பில் அச்சாகாது என்று ஒரு விதியும் வைத்தேன். பில் போடுகிறவர்கள் சோம்பலில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக.

சகாயராணி என்னிடம் கேட்டார்: "எல்லார்ட்டயும் நம்பர் வாங்கணுமாண்ணே?"

"எல்லார்ட்டயும்தான்."

"எல்லார்ட்டயும்னா, எல்லார்ட்டயுமா?"

ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அவர் என்ன கேட்கிறார் என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

2

போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். உத்ரெக்ட் அலுவலகத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் மத்தியானச் சாப்பாடு என்பது அவ்வளவுதான், அதற்கு நான் இன்னும் பழகவில்லை. அத்தானிடமிருந்து போன். அவராகக் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"மாப்ள, அந்த மெசின நிப்பாட்டு."

"என்னாச்சு அத்தான்?"

"மொதல்ல நிப்பாட்டு. பொறகு சொல்றேன்."

நிறுத்தினேன். பிறகு சொன்னார்.

முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் விவசாயம் செய்கிற வேலுச்சாமி, அத்தானோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவர் குடும்பத்தில் நல்லது கெட்டது எதற்கும் துணி இந்தக் கடையில்தான். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேரும் பெண்கள். மூத்த அக்காவின் கணவர் மூன்று வாரத்துக்கு முன்னால் இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதை உடன்பிறந்தவன்தான் எடுக்கவேண்டும். வேலுச்சாமி இரண்டு பேரோடு வந்து, ஒரே ஒரு சேலை எடுத்துக்கொண்டு போனார். பில் வரவில்லை. நம்பரைச் சொன்னால்தான் வரும் என்றது என் மென்பொருள். அந்த நேரத்திலும் அந்த மனுசன் பத்து எண்ணையும் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இருபத்தோராம் நாள் அவருக்கு இந்தச் செய்தி போயிற்று:

'வணக்கம் வேலுச்சாமி அவர்களே! நீங்கள் எடுத்த சேலை வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கும் என நம்புகிறோம். இதே போல் இன்னும் இரண்டு எடுத்தால் சிறப்புத் தள்ளுபடி. மீண்டும் வருக!'

மேலே அந்தச் சேலையின் படம்.

செய்தி வந்தபோது வேலுச்சாமி மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய இரண்டாவது அக்காவின் கணவர் கதிரேசன், இதயத்தில் அடைப்பு என்று படுத்திருந்தார். ஆபரேசனுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

அங்கிருந்தே அத்தானைக் கூப்பிட்டிருக்கிறார். சத்தம் போடவில்லையாம். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றார் அத்தான்.

"ராசாராமு, எனக்கு மொத்தம் மூணு பேரு கூடப் பொறந்தவளுக. ஒருத்திக்கு எடுத்தாச்சு. மிச்சம் ரெண்டு பேரு. ஒங் கடைக்கு அது எப்படிய்யா தெரிஞ்சுச்சு?"

இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அத்தான் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

3

ரொட்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

நடந்ததில் மென்பொருளின் கோளாறு என்று எதுவுமே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. விதி சரியாக வேலை செய்தது. ஒரே ஒரு சேலை எடுத்தவருக்கு இன்னும் இரண்டைக் காட்டு என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். டச்சு வாடிக்கையாளர் ஒருவருடைய காலணிக் கடையில் அது நன்றாக எடுபட்டது, அதை அப்படியே ஜவுளிக்குத் தூக்கிப் போட்டேன். சேலை என்றால் சந்தோசத்துக்கு எடுப்பது என்று எந்த யோசனையும் இல்லாமல் முடிவு கட்டியிருக்கிறேன். ராமநாதபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற காரியமா இது?

பக்கத்து மேசை யோஸிடம் சொன்னேன். டச்சுக்காரன், நல்ல நண்பன், எதையும் ஒரு கணக்குப் புதிர் மாதிரி பார்ப்பான். கேட்டுவிட்டு அவனுடைய வாடிக்கையாளரான ஒரு பூக்கடையைப் பற்றிச் சொன்னான். இறுதிச் சடங்குக்கு மலர்வளையம் அனுப்பியவர்களுக்கு, ஒரு வருடம் கழித்து, 'போன வருடம் இதே நாளில் பூ அனுப்பினீர்கள், இந்த வருடமும் அனுப்ப மறந்துவிடாதீர்கள்' என்று செய்தி போயிருக்கிறது. பிறந்தநாளுக்கு என்று வைத்த விதி.

"யாரும் சண்டை போடவில்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை. ஒரு அம்மா மட்டும் நன்றி சொல்லி எழுதினார். கணவரை வேறு யாரும் நினைவு வைத்திருக்கவில்லையாம்."

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஒரே தப்பு, ஒரு ஊரில் சாபம், இன்னொரு ஊரில் ஆறுதல். இந்த நாட்டில் துக்கச் செய்திக்கு என்றே தனித் தபால்தலை உண்டு; மற்ற கடிதம் வராத திங்கட்கிழமையிலும் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாவை எழுதி, உறையில் போட்டு, எல்லோருக்கும் அனுப்புகிற ஊர் இது. சாவு விழுந்த வீட்டில் இருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்றுகூடச் சொல்லாத ஊர் நம்முடையது. நானும் இங்கே வந்த புதிதில் ஒரு இறுதிச் சடங்கில் அனுதாபச் சொல்லுக்குப் பதிலாக வாழ்த்துச் சொல்லைச் சொல்லிக் கைகுலுக்கினவன்தான். இறந்தவரின் மகள் சிரித்துவிட்டு, முதுகில் தட்டிக் கொடுத்தாள். என்னை அவள் மன்னித்தது என் மொழி அரைகுறை என்று தெரிந்ததால். வேலுச்சாமியிடம் நான் எதைக் காரணமாகச் சொல்வது?

அன்று சாயங்காலம் வீட்டில் என் மகள் யாழினியிடம் சொன்னேன். பதினாலு வயது. தமிழ் புரியும், பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பிடித்து வருவாள். முதலில் சிரித்துவிட்டாள்.

"அப்பா, அது வெறும் ஆஃபர்தானே? வேணாம்னா அவங்க டிலீட் பண்ணலாம்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதெல்லாம் ஒனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த சிஸ்டர்ஸ் ரெண்டு பேரும் அந்த மெசேஜ பாத்தாங்களா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அத்தானிடம் கேட்டேன். வேலுச்சாமி அன்று போனில் முதலிலேயே சொல்லியிருந்தாராம்: அதை உடனே அழித்துவிட்டார், யாருக்கும் காட்டவில்லை. அதாவது, அக்காவும் தங்கையும் பயப்படக் கூடாது என்று அந்தப் பயத்தை அவர் ஒருவரே சுமந்துகொண்டு அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

4

அடுத்த வாரம் முழுக்க, அலுவலகம் முடிந்ததும் அத்தான் கடைக்கான விதிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கோடி எடுக்க வந்தவரை மென்பொருளே கண்டுபிடித்து, அவருக்கு எதுவும் அனுப்பாமல் இருக்கவேண்டும். முடியாதா என்ன? ஆண் வாடிக்கையாளர், ஒரே ஒரு சேலை, தள்ளுபடி எதுவும் கேட்காத பில், கூட வேறு எதுவும் எடுக்கவில்லை. இந்த நான்கும் சேர்ந்தால் பேசாமல் இரு. எழுதி முடித்து, பழைய பில்களில் ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு பேரைப் பிடித்தது. பட்டியலைச் சகாயராணிக்கு அனுப்பிவிட்டுப் பெருமையாகக் கூப்பிட்டேன்.

போனில் அப்படி ஒரு சிரிப்பு.

"அண்ணே, இதுல முக்காவாசிப் பேரு பொண்டாட்டிக்குத் தெரியாம, பிறந்தநாளுக்கு எடுத்துக்கிட்டு ஓடுனவுகண்ணே. சண்ட போட்டுட்டு சமாதானத்துக்கு எடுத்தவுகளும் இருக்காக. கேதத்துக்குக் கோடி எடுக்க வந்தவுகளையும் பொண்டாட்டிக்கு ஒளிச்சு எடுத்தவுகளையும் ஒண்ணாக் கட்டிப்புட்டீகளே!"

"சரி, நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீக?"

"படியேறும்போதே தெரியும்ல."

"எப்படின்னு சொன்னாத்தானே அதுக்குச் சொல்லிக் குடுக்க முடியும்?"

யோசித்து யோசித்துச் சொன்னார். கோடிக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றும்போதே ஆளுக்கு ஒரு பக்கமாகப் பார்ப்பார்களாம். யாரும் முதலில் பேசமாட்டார்களாம். நிறத்தைக் கேட்கமாட்டார்கள், விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கமாட்டார்கள். சகாயராணியும் 'வாங்க' என்று சொல்லமாட்டார். முதலில் கைக்கு வந்த சேலையை எடுத்து நீட்டுவார், இரண்டாவதை விரிக்கமாட்டார். 'வேற என்ன வேணும்' என்று கடையில் யாரும் கேட்கக் கூடாது. கடைப் பேர் போட்ட பையில் போடாமல் வெறும் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கவேண்டும். முன்பெல்லாம் அந்தப் பில்லில் பேரும் எழுதமாட்டார்களாம், நம்பரும் எழுதமாட்டார்களாம்.

"நீங்க எல்லார்ட்டயும் வாங்கணும்னு சொன்னப்ப, அதான்ணே ரெண்டு தடவ கேட்டேன். கடையில நின்னுக்கிட்டு அந்தப் பேச்ச வாயால எப்படிச் சொல்லுறது?"

பதினெட்டு வருடமாக இந்தப் பெண் காட்டாமல் விட்டவற்றின் மேல்தான் அந்தக் கடை நின்றிருக்கிறது. நாங்கள் காட்டுவதற்கு மட்டும்தான் விதி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆர்வம் தாங்காமல் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் தங்கச்சிமடம், பாம்பன் நம்பர்களுக்கு எதுவும் போகக் கூடாதாம். "போட்டெல்லாம் கரையில கெடக்கையில பட்டுச்சேல படம் வந்தா வீட்ல சண்டதாண்ணே வரும்." மென்பொருளோ அந்த இரண்டு மாதத்தில் வாங்காதவர்களை 'கைவிட்டுப் போகும் வாடிக்கையாளர்' என்று முத்திரை குத்தி, அவர்களுக்குத்தான் இரண்டு மடங்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கீழக்கரையில் வெளிநாட்டிலிருந்து ஆள் லீவில் வந்தால் முதல் வாரம் விருந்துக்குப் போகவே நேரம் சரியாக இருக்குமாம், இரண்டாவது வாரம்தான் அனுப்பவேண்டும். மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தால் மருமகள் நம்பரை மட்டும் வாங்கவேண்டும். அது ஏன் என்று கேட்டேன். "ஒங்களுக்கு மாமியா மருமக சண்டய வெலக்கிவிடத் தெரியுமாண்ணே? தெரியாதுல்ல? அப்பக் கேக்காதீக" என்றார்.

கடைசியாக, கோடிக்கு என்ன விதி எழுதலாம் என்றேன்.

"ஒண்ணும் எழுத வேணாம்ணே. நம்பர் இல்லாம பில் வரட்டும். எப்ப நம்பர் கேக்கக் கூடாதுன்னு நாங்க பாத்துக்கிறோம்."

ஒரு வாரமாக நான் கட்டிய கோட்டை அவ்வளவுதான். நம்பர் எழுதும் கட்டத்தில் இருந்த 'கட்டாயம்' என்ற குறியை எடுத்தேன். அரை நிமிட வேலை.

அதோடு, தவறி நம்பர் வாங்கிவிட்டால் அமுக்க ஒரு பொத்தானும் வைத்தேன். அமுக்கினால் அந்த ஆளுக்கு எதுவும் போகாது. அந்தப் பொத்தானுக்குக் காரணம் எழுதும் கட்டம் வேண்டுமா என்று எங்கள் அலுவலகத்தில் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் கவனிக்கும் மரீக்காவிடம் கேட்டேன். எதற்கெடுத்தாலும் மூன்று படிவம் கேட்பவர். சாவு, நோய் மாதிரி விசயங்களை எழுதி வைத்தால் ஆயிரம் பதில் சொல்லவேண்டி வரும், காரணமே எழுதாதே என்றார். சகாயராணியின் வழக்கத்தைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுதும் கேட்டார். "அந்தப் பெண்ணை இங்கே கூட்டிவர முடியுமா?" என்றார், பாதி விளையாட்டாக.

சகாயராணியிடம் இதைச் சொன்னபோது, "அங்கன மீன் நல்லாக் கெடைக்குமாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

5

விதியைத் திருத்தியாயிற்று. வேலுச்சாமி கடைப் பக்கமே வரவில்லை. கதிரேசனுக்கு ஆபரேசன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று வேறு ஆள் மூலம்தான் அத்தானுக்குத் தெரிந்தது. "நாப்பது வருசப் பழக்கம் மாப்ள" என்பார் போனில், பிறகு பேச்சை மாற்றிவிடுவார்.

ஜூலையில் லீவு. யாழினி இந்தத் தடவை வரவில்லை, தோழிகளோடு ஏதோ முகாம். போன மூன்றாம் நாள் அத்தானும் நானும் வேலுச்சாமி ஊருக்குப் போனோம். வேப்பமரத்தடியில் நார்க்கட்டில் போட்டு, மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து 'வா' என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்த மெசேஜ எழுதுனது நாந்தாண்ணே. அத்தான் மேல தப்பு இல்ல. தெரியாம எழுதிட்டேன்" என்றேன். வழி நெடுக யோசித்து வைத்திருந்த மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

அவர் காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை. "நீயா? நம்ம ஊர்க்காரனா எழுதுனது?"

"ஆமாண்ணே."

"நான் எவனோ வடக்கத்தியான் எழுதுனான்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

தலையைக் குனிந்துகொண்டேன். அவரே அடுத்துக் கேட்டார்.

"அந்த மெசினுக்குள்ள எம் பேரு இருக்கா இன்னும்?"

"இருக்குண்ணே."

"எங்க, காட்டு."

போனில் திறந்து காட்டினேன். இரண்டு வருடத்தில் அவர் கடையில் எடுத்ததெல்லாம் வரிசையாக வந்தது. கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாவாடைத் துணி, சட்டைத் துணி, துண்டு. ஒரு வரியில் விரல் நின்றது. வேட்டி ஒன்று, பொங்கலுக்கு முந்தின வாரம்.

"இது மூத்த மச்சானுக்கு எடுத்தது. பொங்கச் சீர். கட்டுனாரு, ஒரே ஒரு தடவ." கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழிச்சா இதுவும் போயிருமா?"

"போயிரும்ணே. மொத்தமாத்தான் அழிக்க முடியும். நீங்க வேணும்னா, இத மட்டும் படம் எடுத்து..."

"வேணாம்ப்பா. அது எனக்கு ஞாபகம் இருக்கு. மெசினுக்கு எதுக்கு?"

எதை அமுக்கவேண்டும் என்று கேட்டு அவரே அமுக்கினார். 'உறுதியாகவா?' என்று கேட்டது. அதற்கும் அமுக்கினார். திரை வெறுமையானது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி மிளகாயை எடுத்தார். கிளம்பும்போது அத்தான், "கடப் பக்கம் வா வேலு" என்றார். வேலுச்சாமி தலையை ஆட்டினார். அது சரி என்பதா, பார்க்கலாம் என்பதா என்று காரில் வரும்போது இரண்டு பேரும் பேசிப் பேசிப் பார்த்தோம், தெரியவில்லை.

6

நான் திரும்பி வந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. தீபாவளி நெருங்கியது. ஊரில் எல்லா வீட்டுக்கும் துணி எடுக்கிற நேரம். வேலுச்சாமி வரவில்லை என்று அத்தான் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு கடைப் பையோடு அவரை யாரோ பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக அக்கா மட்டும் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். நாற்பது வருடப் பழக்கம் போயிற்று என்றே நினைத்தேன். அப்படி நினைக்கும்போதே எனக்கு வலித்தது. ஏனென்றால் அது அத்தானுடைய பழக்கம், உடைத்தவன் நான்.

நேற்று மத்தியானம் அலுவலகத்தில் இருந்தபோது சகாயராணி கூப்பிட்டார். பின்னால் கடைச் சத்தம், தீபாவளிக் கூட்டம்.

"அண்ணே, முதுகுளத்தூர்க்காரவுக வந்துட்டுப் போறாக."

"யாரு, வேலுச்சாமி அண்ணனா?"

"அவுகதான். கூட அவுக சின்னக்காவும் அவுக வீட்டுக்காரரும். ஆபரேசன் பண்ணுன மனுசன், மெதுவா நடந்து வந்தாக. நான் சேர எடுத்துப் போட்டு ஒக்கார வச்சேன். அந்தம்மா நாப்பது சேலய விரிக்க வச்சிட்டாகண்ணே, ஒண்ணு விடல. எனக்குக் கை ஓஞ்சு போச்சு."

"அத்தான் என்ன சொன்னாரு?"

"மொதலாளியா? என்னமோ வேல இருக்க மாதிரி குடோனுக்குள்ள போயிட்டாரு. கண்ணத் தொடச்சுக்கிட்டுத்தான் வந்தாரு."

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்கத் தயக்கமாகவும் இருந்தது. கேட்டேன்.

"நம்பர் கேட்டீகளா?"

"நான் கேக்கலண்ணே. பில்லு வந்துருச்சு, பையையும் குடுத்துட்டேன். வேலுச்சாமியண்ணந்தான் நின்னாக. 'நம்பர் எழுதிக்க'ன்னாக. ஒங்க நம்பராண்ணேன்னு கேட்டேன். 'எந் நம்பரு வேணாம், எங்க கதிரேசன் மச்சான் நம்பரப் போடு. இன்னும் ரெண்டு எடு, நாலு எடுன்னு வருசா வருசம் அனுப்பச் சொல்லு. அவுக ஒக்காந்து படிச்சுக்கிட்டே இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போறாகண்ணே."